மாமா இல்லையென்று சொல்லப்போகிற மகனுக்கு

ஜெரோம், இதை மெதுவாக வாசி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் பங்குக் கோயில் மண்டபத்து வகுப்புக்கு உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். போனில் நான் கத்தத் தொடங்கினால் நீ அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு "வா பேனே அம்மா, வா பேனே" என்று இத்தாலியில் சரி சரி போட்டுக்கொண்டிருப்பாய். கடிதத்தைத் தள்ளிப் பிடித்தால் எழுத்துத் தெரியாது. ஆகையால் கிட்டப் பிடித்துக் கடைசி வரி வரைக்கும் வாசி. இதை வேறு யாராவது எடுத்து வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. பங்குப் பத்திரிகையில் போடக் கேட்டால் அதற்கும் கொடுப்பேன். உன்னைப் போலப் புத்திசாலிப் பிள்ளைகள் எங்கள் சனத்துக்குள் இன்னும் இருக்கிறார்கள்.

வருகிற புதன்கிழமை ரோமில் ஓர் அறையில் உன்னை இருத்தி விசாரிக்கப் போகிறார்கள். அரசாங்கத்தின் இரகசியச் செய்திகள் போய்வருகிற கணினிகளைப் பார்க்கிற வேலை என்றும், அந்தக் கணினிகளுக்குக் கிட்டப் போவதற்கு முன் இவனை நம்பலாமா என்று விசாரித்து "நுல்லா ஓஸ்தா" என்று ஓர் அனுமதி கொடுக்க வேண்டும் என்றும் நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். எனக்குப் பெருமை இல்லையென்று நினைக்காதே. அப்பா தான் வாயில்காவல் இருக்கிற கட்டடத்தில் ஒரு மாடி விடாமல் ஏறிச் சொல்லிவிட்டு வந்தார். முழங்கால் நோவோடு ஏறினார். நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இந்த ஊர் வைத்தியசாலையில் உன்னைப் பெற்றபோது அங்கே ஒருத்திக்கும் உன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளையை இந்த நாடு தன்னுடைய இரகசியத்தை நம்பிக் கொடுக்கக் கூப்பிடுகிறது என்று எண்ணி எண்ணி எனக்கு நித்திரை வரவில்லை. சந்தோசத்தில் வராமல் இருந்த நித்திரை, இப்போது நீ செய்துவிட்ட வேலையால் வராமல் கிடக்கிறது.

ஓகஸ்ட் முடிகிற நேரம், ஒரு காலையில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். மன்னாரில் இருக்கிற என் தம்பி, உன் மாமா, அதிலிருந்து வெளியேறிவிட்டான் என்று ஒரு சின்ன வரி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் முதல் ஆளாக "பலெர்மோ வெண்டதோ தோத்ததோ" என்று எழுதுகிறவன். இத்தாலிக்கு வராமலே இந்தப் பலெர்மோ ஊர் உதைபந்தாட்டக்காரன் ஒவ்வொருவனின் பெயரும் தெரிந்தவன். அவன் ஏன் போனான்? உடனே அவனுக்குப் போன் எடுத்தேன்.

"என்னடா, குரூப்பில இருந்து போயிட்டாய்?"

"ஒண்டுமில்லை அக்கா. ஃபோன் சரியில்லை."

"ஃபோன் சரியில்லையெண்டா இப்ப எதில கதைக்கிறாய்?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்ச நேரம் இருமினான். பிறகு, "பெடியன்ர வேலை அக்கா. என்னால அவனுக்கு ஒரு இடைஞ்சல் வரக்கூடாது. கொஞ்ச நாளைக்குக் கதைக்க வேண்டாமெண்டு கேட்டவன். நான் ஓமெண்டிட்டன். வள்ளத்தில அவனும் நானும் நிண்ட படம் இருந்ததெல்லே, அதையும் சுவரால கழட்டிப்போட்டன்" என்றான்.

"அதையும் அவன் கேட்டவனோ?"

"இல்லையக்கா, அது நானா கழட்டினனான். ஆரும் வந்து பாத்தாலும் எண்டு. அவனை ஏசாதை. வடிவாத்தான் கேட்டவன். அழுதமாதிரியும் கிடந்தது."

அழுதாயாம்! அழுதுகொண்டு ஒரு மனுசனை இல்லாமல் ஆக்கலாமோ? உனக்கு எடுத்துக் கேட்டபோது என்ன சொன்னாய்? "அம்மா, உங்களுக்கு விளங்காது. கொஞ்ச மாசம்தான். விசாரணையில எனக்கு மாமா இல்லையெண்டு சொல்லப்போறன். பிறகு எல்லாம் சரியாயிடும்." நான் போனை வைத்துவிட்டேன். வைத்திருக்காவிட்டால் பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத சொல் என் வாயிலிருந்து வந்திருக்கும். எனக்கு விளங்காதாம். எனக்கு இருப்பது ஒரேயொரு கூடப்பிறந்தவன். அவன் இருக்கிறானா இல்லையா என்பது எனக்கு விளங்காதாம்.

இது உன் தலையில் முளைத்த புத்தி இல்லையென்றும் எனக்குத் தெரியும். மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று மொண்டெல்லோக் கடற்கரைக்கு எல்லாரும் புரியாணிச் சட்டியோடு போயிருந்தோமே, அன்று கேஸ் மாமா உன்னைக் குடைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் குசுகுசுத்ததை நான் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் இந்த ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. அகதி வழக்குக்கு விசாரணை வருகிறது என்றால், போர்கோ வெக்கியோவில் அவருடைய அறைக்குப் போய் என்ன சொல்வது, எப்படி அழுவது என்று பழகிக்கொண்டு போவதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். அதனால் கேஸ் மாமா. அவர் கெட்ட மனுசன் இல்லை. அப்பா வந்த புதிதில் அவருடைய அறை நிலத்தில்தான் பாய் விரித்துப் படுத்தார், அவருடைய சட்டியில்தான் சாப்பிட்டார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் எந்த அதிகாரிக்கு முன்னால் போனாலும் வேறு ஒருவனாகத்தான் போக வேண்டும் என்ற கண்டறியாத புத்தியை இந்தச் சனத்தின் தலைக்குள் ஏற்றியவர் அவர். இப்போது இங்கேயே பிறந்த உன் தலைக்குள்ளும் ஏற்றிவிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த கதைகள் என்னவாகின என்பதைப் பார்த்தவள் நான். இந்த ஊருக்கு வந்து சில வருடம் வீடு துடைத்தேன். பாசை பிடிபட்ட பிறகு அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். மேசைக்கு ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் எங்கள் ஆள், நடுவில் நான். ஒருநாள் ஒருவன் சொன்னான், வெள்ளை வான் வண்டியில் ஏற்றிப்போய் மாமரத்தில் கட்டி முசுறைக் கொட்டினார்கள் என்று. முசுறுக்கு இத்தாலியில் சொல் இல்லை, சிவப்பு எறும்பு, மரத்தில் கூடு கட்டும், கடித்தால் நெருப்பு என்று விளங்கப்படுத்தினேன். அந்த அதிகாரிப் பெண்ணின் கண் கலங்கியது. அடுத்த கிழமை இன்னொருவன் வந்தான். அதே வான், அதே மாமரம், அதே முசுறு. அதற்குப் பிறகும் ஒருவன். அவன் மாமரம் என்று வாயைத் திறந்ததும் அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சிஞ்ஞோரா, எறும்பு திரும்பவும் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டாள். அதை நான் தமிழில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கடைசி ஆள் மன்னார்ப் பக்கத்துக் கடற்தொழிலாளி. பெயர் சொல்ல மாட்டேன். முடிந்த பிறகு நடையில் வைத்து எனக்குச் சொன்னான், "அக்கா, என்ர சொந்தக் கதை சின்னக் கதை. கடற்கரையில முட்டுக்கால்ல விட்டு நாள் முழுக்க வெயில்ல வச்சவங்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னா ஆர் நம்புவினம்? அதுதான் கேஸ் மாமாட்டைக் கேட்டு நல்ல கதையாப் பழகிக்கொண்டு வந்தனான்." காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். இரண்டு முழங்காலிலும் தோல் வேறு நிறத்தில் தடித்துக் கிடந்தது. என்ர மாதாவே! உள்ளே அந்தப் பெண்ணுக்கு முன்னால் சுருட்டியிருந்தால் வாய் திறக்கவே தேவையில்லை. எனக்கோ ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ உரிமையில்லை. அவனுக்கு இல்லையென்று பதில் வந்தது. அவனுக்கு நடந்தது உண்மை, அவன் சொன்னது பொய், பொய்யைத்தான் எழுதினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இப்போது நீ போகிற விசாரணை அந்த விசாரணை இல்லை. அதுதான் கேஸ் மாமாவுக்கும் விளங்கவில்லை, இவ்வளவு படித்த உனக்கும் விளங்கவில்லை. அங்கே உனக்கு நடந்ததை அவர்கள் நம்ப வேண்டும். இங்கே உன்னைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். நீ ஒளிக்கிற ஆளா என்பதைத்தான் பார்ப்பார்கள். உனக்கு ஒரு மாமா இருப்பதில் இத்தாலிக்கு என்ன ஆபத்து? ஒன்றும் இல்லை. நீ ஒரு மாமாவை ஒளித்து வைத்திருப்பதுதான் ஆபத்து. அது தெரிந்த எவனும் நாளைக்கு உன் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, உம்மட மாமான்ர கதையை மேலிடத்துக்குச் சொல்லட்டோ? இல்லாட்டி அந்தக் கணினியில கிடக்கிறதில கொஞ்சம் கொண்டுவாறீரோ?" என்று கேட்கலாம். உன் கழுத்துக் கயிற்றை நீயே திரித்து அவன் கையில் கொடுக்கப் பார்க்கிறாய். நீயே சொல்லிவிட்ட ஒன்றை வைத்து உன்னை யாரும் வெருட்ட முடியாது.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். உன்னைக் கொஞ்சம் காக்க வைப்பார்கள். அதற்குச் சினக்காதே, அங்கே இருக்கிறவர்களோடு வாய் அலம்பவும் செய்யாதே. முதலில் லேசான கேள்விகள் வரும்: எங்கே குடியிருந்தாய், ஆரோடு குடியிருந்தாய், எந்த நாடுகளுக்குப் போனாய், என்ன குடிப்பாய், கடன் இருக்கிறதா, இன்டர்நெட்டில் என்ன எழுதுகிறாய். ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வேறு வேறு பக்கத்தால் கேட்பார்கள். "இதை முன்னமே சொன்னேனே" என்று முகத்தைச் சுளிக்காமல் திரும்பச் சொல். நீ பதில் சொல்லி முடித்த பிறகும் பேசாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம்தான் எங்கள் ஆட்கள் பதறிப்போய்த் தேவையில்லாததெல்லாம் கொட்டுவார்கள். நீ தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இரு. தெரியாததைத் தெரியாது என்று சொல். ஞாபகமில்லாததற்கு ஒரு திகதியைக் கட்டிவிடாதே. கெட்டித்தனம் காட்டாதே, பகிடி விடாதே. உன் பகிடி எனக்கே பாதி நேரம் விளங்குவதில்லை.

பிறகு எங்கள் கதைக்கு வருவார்கள். இயக்கத்துக்குக் காசு சேர்க்க வந்தவர்களுக்கு அம்மா அப்பா கொடுத்தார்களா என்று கேட்பார்கள். கொடுத்தார்கள் என்று சொல். வந்தவர்கள் எங்கள் சோபாவில் இருந்துவிட்டு எழும்பாமல் இருந்தார்கள். அப்பா ஒருமுறை பயத்தில் கொடுத்தார், இன்னொருமுறை ஊர்ச் செய்தி கேட்டு அழுதழுது கொடுத்தார். இரண்டையும் சொல். நீ சின்னவனாக இருந்தபோது அந்த மண்டப நிகழ்ச்சியில் உனக்குப் பெரிய சட்டை போட்டு ஆடவிட்டார்களே, மை கண்ணுக்குள் போய் நடுவில் நின்று அழுதாயே, அந்த வீடியோ இன்னும் இன்டர்நெட்டில் கிடக்கிறது. பின்னால் இயக்கத்துக் கொடியும் தெரிகிறது. அதையும் நீயே சொல். சண்டை வந்தால் எந்த நாட்டின் பக்கம் நிற்பாய் என்றும் ஒருவேளை கேட்பார்கள். அது கேட்கக் கூடாத கேள்வி, என்னிடம் கேட்டிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழும்பி வந்திருப்பேன். நீ எழும்பாதே. இத்தாலி என் நாடு என்று சொல். அது உண்மைதானே, அதைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம்?

மாமாவைப் பற்றிக் கேட்கும்போது அவனைப் பூசி மெழுகவும் வேண்டாம். அவன் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் அகப்பட்டிருந்த நேரம், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று சொல்லி இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. பதுங்குகுழி வெட்டினான், காயக்காரரைத் தூக்கினான், துவக்கும் பிடித்தான். முழுக்கப் பலவந்தம் என்று மட்டும் சொல்லிவிடாதே, அவனே அப்படிச் சொல்வதில்லை. "பிடிச்சுக்கொண்டுதான் போனவை அக்கா. ஆனா பிறகு பக்கத்தில நிண்டவங்களை விட்டிட்டு ஓட மனம் வரேல்லை" என்று எனக்குச் சொன்னான். கடைசியில் ஆமியிடம் சரணடைந்து, முகாமில் கிடந்து, புனர்வாழ்வு என்று இன்னும் ஒரு காலம் உள்ளே இருந்து, வெளியே வந்தும் பொலிசில் கையெழுத்து வைத்து வைத்து மெலிந்தான். இப்போது வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறான். இவ்வளவும் அவன் ஒளித்த கதை இல்லை, அவனுடைய ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆமிக்காரன் கேட்டபோதுகூட, "எனக்கு அக்கா இத்தாலியில" என்று சொன்னவன் அவன். அதற்காக இன்னும் கூடக் கேள்வி கேட்டு வதைத்தார்கள். அப்போதுகூட நான் இல்லையென்று அவன் சொல்லவில்லை.

நீயோ பலெர்மோவில் வளர்ந்துவிட்டு மாமாவுக்கு வெட்கப்படுகிறாய். எந்த ஊரில் இருந்துகொண்டு, என் ராசா? எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிற பீனாவைப் பார். அவளுடைய தம்பி மறியற்சாலையில் இருப்பது பல்லரோச் சந்தை முழுக்கத் தெரியும். கிழமைக்குக் கிழமை அவனுடைய உடுப்பைத் தோய்த்து, மினுக்கி, பையில் போட்டுக்கொண்டு படியால் இறங்கிப் போவாள். எங்கே போகிறாய் என்று ஆரும் கேட்டால், "தம்பியிட்டை" என்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொல்வாள். ஒருநாள் நான் வாய் தவறி, உனக்குச் சங்கடமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். "சங்கடம் அவன் செய்ததில இருக்கு. அவன் என்ர தம்பியா இருக்கிறதில எனக்கென்ன சங்கடம்?" என்று என்னைக் கிழித்தாள். அவளுடைய தம்பி களவெடுத்து உள்ளே போனவன். என் தம்பி ஒருவருடைய பொருளையும் தொடாதவன். அவளுக்கு இருக்கிற துணிவு எனக்கு இருக்கக் கூடாதோ?

எனக்குக் கோபம் உன்மேல் மட்டும் இல்லை. இவ்வளவு காலமாக ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நாங்கள் ஆர், எங்கே நின்றோம், ஆரோடு நின்றோம் என்று சொல்லிச் சொல்லி என் நாக்குத் தடித்துவிட்டது. விசாவுக்குச் சொன்னோம், பிரசாவுரிமைக்குச் சொன்னோம். இனியாவது என் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது என்று நம்பியிருந்தேன். அதைக் கேட்கிறார்களே என்று எனக்கு எரிகிறது. ஆனால் அவர்கள் அந்நியர். ஒருவேளை அவர்கள் கேட்கத்தான் வேண்டும். அவர்கள் கேட்க முன்னமே என் வீட்டுப் பிள்ளை, மாமாவுக்குப் போன் எடுத்து, ஒதுங்கி நில்லுங்கோ என்று கேட்டது எனக்கு அதைவிடக் கூட எரிகிறது.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் கரபினியேரிப் பொலிசில் மரெஷல்லோ என்கிற அதிகாரி, இந்த ஊர் மனுசன். மற்றவர் எழுதுகிறவர். கீழே பழக்கடைக்காரனிடமும் பீனாவிடமும் உன்னைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். நல்ல மரியாதையான மனுசன், கால்மிதியில் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்தார். இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். உன்னைப் பற்றிக் கேட்டார், அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டார். பிறகு, "சிஞ்ஞோரா, உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள்?" என்றார்.

எத்தனையோ பேருடைய பதிலை மொழிபெயர்த்த நான் இப்போது மேசைக்கு மறுபக்கத்தில் இருந்தேன். ஒருவரும் இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அப்பா குசினி வாசலில் நின்றார். இல்லையெண்டு சொல்லும், இல்லையெண்டு சொல்லும் என்று அவருடைய முகம் கெஞ்சியது. உனக்காகத்தான் கெஞ்சியது. ஜெரோம், அந்தச் சொல் என் நாக்கில் வந்து நின்றது. நீ சின்ன வயதில் காய்ச்சலோடு கிடந்தபோது உனக்காக என்னவும் செய்வேன் என்று நேர்ந்தவள் நான். இதையும் செய்திருப்பேன். ஆனால் செய்த பிறகு, மன்னாரில் ஒருவன் எண்ணெய்க் கறுப்புக் கையோடு வேலை முடித்து வந்து, போனை எடுத்துப் பார்த்து, உனக்கு எடுக்காமல் வைப்பானே, அவனுக்கு நான் யார்?

"ஒரு தம்பி" என்றேன்.

எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், முன்னர் என்ன செய்தார் என்று கேட்டார். நான் உனக்கு மேலே எழுதியதெல்லாம் அவருக்குச் சொன்னேன். எழுதுகிறவருக்குத் தம்பியின் பெயர் பிடிபடவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினார், சரியாக இருந்தது. பிறகு மரெஷல்லோ, "மகன் இவரோடு கதைப்பாரா?" என்றார்.

"ஒவ்வொரு ஞாயிறும்" என்றேன். "போன மாதம் வரைக்கும்."

"போன மாதம் என்ன நடந்தது?"

"அதை அவனைக் கேளுங்கள்" என்றேன்.

அவர் எழும்பினார். தேத்தண்ணிக்கு நன்றி சொன்னார். போய்விட்டார்கள். கதவைப் பூட்ட முன்னமே அப்பா தொடங்கினார். "இஞ்சரும், என்ன வேலை பாத்தனீர்? பெடியன்ர சீவியத்தையெல்லே நாசமாக்கிப்போட்டீர்!" "அவன்ர சீவியத்துக்காகத்தான் சொன்னனான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். உன்னிடம் நான்தான் சொல்வேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதனால்தான் உனக்கு அவர் எடுக்கவில்லை. நாளைக்கு ரோமுக்குப் போகிற பஸ்ஸில் தெரிந்த பிள்ளை ஒன்று போகிறது, இதை அதன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இப்போது உனக்கு வருகிற கோபம் நியாயமான கோபம்தான். அம்மா என்னை மாட்டிவிட்டா என்று நினைப்பாய். நினை. ஆனால் புதன்கிழமை, கேஸ் மாமாவின் பொய்யைத் தூக்கிக்கொண்டு நீ அந்த அறைக்குள் போனால், உன் அம்மா சொன்னது அவர்களுக்கு முன்னால் கிடக்கும், நீ சொல்வதும் கிடக்கும். வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அந்த வேலை உனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருக்கிறது. உண்மையைச் சொல்லியும் அவர்கள் உன்னை வேண்டாம் என்றால் வீட்டுக்கு வா, இரண்டு பேரும் சேர்ந்து இந்த நாட்டைத் திட்டுவோம், அப்போது உன் பக்கத்தில் என்னைவிடச் சத்தமாக ஒருத்தரும் கத்த மாட்டார்கள். பொய் சொல்லிப் பிடிபட்டு வந்தால் நான் என்ன சொல்லித் திட்டுவேன்?

போன மாதத்தோடு ஏன் நிறுத்தினாய் என்று கட்டாயம் கேட்பார்கள். பயந்துபோனேன், ஒருவருடைய பேச்சைக் கேட்டு என் மாமாவை ஒளிக்கப் பார்த்தேன் என்று சொல். அது உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். அதற்குப் பிறகு, "இப்ப கதைக்கிறீரோ?" என்றும் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்லப் போகிறாய் என்பதை நீ ரோமில் தீர்மானிக்க முடியாது. அதற்கு முன்னமே கதைத்திருக்க வேண்டும். மாமா எடுப்பான் என்று பார்த்துக்கொண்டு இராதே. எடுக்க வேண்டாமென்று நீ கேட்டாய், அவன் ஓம் என்றுவிட்டான். உன் குரலைக் கேட்காமலே செத்தாலும் அந்த ஓமை அவன் மாற்ற மாட்டான். நீதான் எடுக்க வேண்டும்.

அம்மா